சுவிஸ் தேசியப் பூங்கா: நடக்கவும் மிருகம் பார்க்கவும் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுவிஸ் தேசியப் பூங்கா இருக்கும் எங்காடின் மலைப்பக்கம் போய் வருகிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து, கோயில் திருவிழாவிலும் பிறந்தநாள் விழாக்களிலும் என்னிடம் கேட்கப்படுவது ஒரே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துவிட்டேன். கட்டணங்களையும் பஸ் நேரங்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அக்கா, இந்தத் தேசியப் பூங்கா எங்கே இருக்கிறது? இன்டர்லாக்கன் பக்கமா?

அந்தத் திசையே இல்லை. நாட்டின் கிழக்கு மூலையில், கிராவ்புண்டன் மாநிலத்தில், இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிறது. வாசல் ஊரின் பெயர் செர்னெட்ஸ். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவது ரோமான்ஷ் மொழி. ஜெர்மன் எல்லோருக்கும் தெரியும் என்றாலும், வழியில் எதிர்ப்படுகிறவருக்கு “அல்லேக்ரா” என்று ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

பூங்கா என்ற சொல்லைக் கேட்டு ஊஞ்சலும் புல்தரையும் கற்பனை செய்யாதீர்கள். 170 சதுர கிலோமீட்டர் காடும் பாறையும் சரளைச் சரிவும்தான். அடியில் 1400 மீட்டர், உச்சியில் பிஸ் பிசோக் சிகரம் 3174 மீட்டர். 1914 ஆகஸ்ட் 1 அன்று திறந்தார்கள். ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இதைவிட மூத்த தேசியப் பூங்கா கிடையாது.

உள்ளே போக டிக்கெட் எவ்வளவு? முன்பதிவு செய்ய வேண்டுமா?

டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை, வாசற்கதவும் இல்லை. பாதையில் ஒரு பலகை வரும். அதில் விதிகள் எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கிறீர்கள்.

செர்னெட்ஸில் பூங்காவின் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. 2008இல் திறந்த வெள்ளைக் கான்கிரீட் கட்டடம். வலேரியோ ஒல்ஜாத்தி என்ற பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. அங்குள்ள கண்காட்சிக்கு மட்டும் கட்டணம் உண்டு. பணம் கொடுக்க மனமில்லாவிட்டாலும் முன்கூடத்துக்குப் போய், இன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே பனி கிடக்கிறது என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கார் இல்லாமல் சூரிச்சிலிருந்து போக முடியுமா?

கார் இல்லாமல் போவதுதான் வசதி. லாண்ட்குவார்ட்டில் சிவப்பு ரயிலுக்கு மாறினால், 19 கிலோமீட்டர் நீளமான வெரைனா சுரங்கத்தைத் தாண்டி எங்காடினில் வெளியே வரும். சூரிச்சிலிருந்து செர்னெட்ஸ் வரை ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். அங்கிருந்து ஓஃபன்பாஸ் மலைப்பாதை வழியாகப் போகும் மஞ்சள் நிற போஸ்ட்ஆட்டோ பஸ், பூங்காவின் நடுவாகவே ஓடுகிறது. சாலையோர வாகனத் தரிப்பிடங்களுக்கு பி1 முதல் பி10 வரை எண் போட்டிருப்பார்கள். அவற்றில் பலவற்றில் பஸ்ஸும் நிற்கும்.

கார் ஏன் வசதியில்லை என்றால், இங்கே நல்ல பாதைகள் பலவும் ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குபவை. காரை விட்ட இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டிய கட்டாயம் பஸ்ஸில் வந்தவருக்கு இல்லை. திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

எந்த மாதம் நல்லது? டிசம்பர் விடுமுறையில் பனியோடு பார்க்க ஆசை.

டிசம்பர் ஆசையை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். ஓஃபன்பாஸ் சாலையில் வாகனம் ஓடும், ஆனால் நடைபாதைக்குள் இறங்கக் கூடாது. பனிச்சரிவு அபாயம் ஒரு காரணம். மற்றக் காரணம் மிருகங்கள். உணவு அரிதான அந்த மாதங்களில் அவை கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் உயிர் பிழைக்கின்றன. மனிதரைக் கண்டு ஒருமுறை மிரண்டு ஆழப்பனியில் ஓடுவதே சில மிருகங்களுக்கு உயிருக்கு ஆபத்து.

நடக்கும் காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. ஜூனில் உயரமான பாதைகளில் பனி மிச்சம் இருக்கும். ஜூலையில் பூக்கள். ஆகஸ்டில் மனிதர்கள். என்னைக் கேட்டால் செப்டெம்பர் கடைசி வாரம்: வானம் தெளிவாக இருக்கும், கூட்டம் குறையும், மான்கள் பெருங்குரலெடுக்கும். அக்டோபரில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம் அது. மஞ்சள் காட்டுக்காகவே போகிறவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன்.

உள்ளே தங்க இடம் இருக்கிறதா? கூடாரம் போடலாமா?

கூடாரம் போடக் கூடாது, காரிலும் உறங்கக் கூடாது. தங்க இரண்டே இடங்கள்தான். ஒன்று சாலையோரத்தில் இருக்கும் இல் ஃபுஓர்ன் ஹோட்டல். மற்றது சமன்னா க்ளுஓட்ஸா என்ற மரக்குடில், 1882 மீட்டர் உயரத்தில், செர்னெட்ஸிலிருந்து மூன்று மணித்தியால நடை. கோடையில் மட்டும் திறந்திருக்கும், இடத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் இரவு கழித்து, விடியலில் வாசலில் நின்று எதிர்ச்சரிவைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம். பிள்ளைகள் குளியல் வசதியைப் பற்றி முறையிடுவார்கள், முறையிடட்டும்.

மற்றபடி செர்னெட்ஸ், ஷ்சான்ஃப் போன்ற ஊர்களில் விடுதிகள் உள்ளன.

முதல் தடவை போகிறோம். எந்தப் பாதையில் போவது?

இரண்டில் ஒன்றைச் சொல்வேன். முதலாவது மார்குனெட். ஸ்டாபெல்ச்சோட் பள்ளத்தாக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கி, 2328 மீட்டர் உயரத்தில் இருக்கும் மார்குனெட் மேட்டில் ஏறி, வால் தால் போட்ஷ் (இங்கே ‘வால்’ என்றால் பள்ளத்தாக்கு) வழியாக இறங்கி மீண்டும் சாலைக்கு வரலாம். நடை மட்டும் மூன்று மணித்தியாலம். இடையிடையே விளக்கப் பலகைகள் உண்டு. கழுகு பார்க்க இது நல்ல இடம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது வால் ட்ருப்சூன். இதற்கு ஷ்சான்ஃப் ஊரிலிருந்து போக வேண்டும். பாதை அகலம், ஏற்றம் மெதுவானது. ஆல்ப் ட்ருப்சூன் என்ற பழைய மேய்ச்சல் நிலம் வரை போய்த் திரும்ப ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே வாருஷ் என்ற குடில் இருக்கிறது, சூடாக ஏதாவது சாப்பிடலாம். மிருகம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பாதைக்கு நிகர் இல்லை.

ஒரு எச்சரிக்கை: மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவருக்கானது. படம் பிடிப்பது, பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டுவது, மாமா மூச்சு வாங்குவது எதுவும் அதில் சேர்த்தி இல்லை. நம் குடும்பங்களுக்கு ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, கடைக்குட்டிக்கு நாலு வயது. அவர்களையும் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் முழுப்பாதைக்கும் இல்லை. மேலே சொன்ன ஸ்டாபெல்ச்சோட்டில் சாலையிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் ஒரு திறந்த புல்வெளி வந்துவிடும். அங்கே அம்மாவை இருத்திவிடலாம். புல்வெளி முழுக்க மர்மொட் என்ற பெரிய மலை அணில்களின் வளைகள். முன்பற்கள் தெரிய நிமிர்ந்து நிற்கும் அந்தக் கொழுத்த பிராணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. செப்டெம்பரில் அவை வாய் கொள்ளாமல் காய்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு வளைக்குள் ஓடும். ஆறு மாத உறக்கத்துக்கான படுக்கை அது. மீசைபோல இருபுறமும் புல் நீட்டிக்கொண்டிருக்க ஒரு மர்மொட் எங்கள் அம்மாவை நின்று பார்த்துவிட்டுப் போனதை அவர் இன்றும் சொல்வார்.

பிள்ளைகளுக்கென்றே சாம்ப்லொன்ச் பகுதியில் ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டி எந்தப் பாதைக்கும் சரிவராது, முதுகில் சுமக்கும் பையைக் கொண்டு போங்கள்.

என்ன சப்பாத்து, என்ன உடை?

பிடிமானமுள்ள அடித்தோல் கொண்ட மலைச் சப்பாத்து. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட பாதை என்றால் மலைப்பாதை என்று அர்த்தம். ஜிம் சப்பாத்தோடு வந்து சரளையில் வழுக்குகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும். ஆகஸ்டிலும் மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர் வேண்டும். உடையின் நிறம் எதுவாகவும் இருக்கட்டும், நடக்கும்போது சரசரக்காத துணியாக இருந்தால் நல்லது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? சின்னதாக ஒரு கிரில் போட்டால் என்ன?

சாப்பாடு தாராளமாக. கிரில் கூடவே கூடாது. நெருப்பு மூட்டுவது எங்குமே தடை. ரோல்ஸும் புளிச்சாதமும் ஆறினாலும் ருசியாகத்தான் இருக்கும். உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஓய்விடங்கள் இருக்கின்றன. மஞ்சள் முளைகள் அடித்து எல்லை காட்டியிருப்பார்கள், அதற்குள் இருக்க வேண்டும். குப்பைத்தொட்டி கிடையாது. வாழைப்பழத் தோலும் தோடம்பழத் தோலும் மக்கிவிடும் என்று வாதாடுகிறவர்களுக்கு: அந்தக் குளிரில் அது மக்குவதற்குள் உங்கள் பிள்ளை வளர்ந்துவிடுவான். பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

படம் எடுக்க இரண்டடி பாதையை விட்டு இறங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

பூங்காக் காவலர் பார்த்தால் அபராதம். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் இதுதான்: இங்கே மிருகங்கள் மனிதரைக் கண்டு தலைதெறிக்க ஓடாததற்குக் காரணமே யாரும் பாதையை விட்டு இறங்காததுதான். மனிதர் எந்தக் கோட்டில் வருவார்கள், எந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார்கள் என்று அவற்றுக்குத் தெரியும். ஒரு நூற்றாண்டாகக் காப்பாற்றிய ஒப்பந்தம் அது. பாதையில் ஐம்பது பேர் நின்றாலும் எதிர்ச்சரிவில் மான் மேய்ந்துகொண்டிருக்கும். ஒருவர் புல்லுக்குள் இறங்கினால் அத்தனையும் தலை நிமிர்த்தும்.

நாயைக் கயிற்றில் கட்டிக் கொண்டு வரலாமா? சைக்கிள்? ட்ரோன்? ஆற்றில் ஒரு குளியல்?

நான்குக்கும் இல்லை.

பாதையோரம் கிடக்கும் மான் கொம்பை எடுத்தால் யாருக்கு நட்டம்?

மான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்புதானே என்று கேட்பார்கள். கொம்பு, பூ, காளான், பழம், கல் எதையும் எடுக்கக் கூடாது. கீழே கிடக்கும் கொம்பை எலியும் பிற கொறிக்கும் பிராணிகளும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடிக்கின்றன, மிச்சம் மண்ணோடு போகிறது. இங்கே விளைந்தது இங்கேயே முடிய வேண்டும் என்பதுதான் பூங்காவின் அடிப்படைக் கொள்கை. காளான் பறிக்க ஆசையிருந்தால் எல்லைக்கு வெளியே, மாநில விதிகளைப் பார்த்துவிட்டுப் பறியுங்கள்.

போன வருடம் நான்கு மணித்தியாலம் நடந்தோம், ஒரு மிருகத்தையும் காணவில்லை. அதிர்ஷ்டம்தான் வேண்டுமா?

இதைக் கேட்காதவர் இல்லை. நான் திருப்பிக் கேட்பது: எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள்? நடந்தால் காணக்கூடியது பாதை. உட்கார்ந்தால்தான் மலை தெரியும். ஓய்விடம் ஒன்றில் ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருங்கள். எதிர்ச்சரிவை வயல் உழுவதுபோல இடமிருந்து வலம், பிறகு ஒரு படி மேலே வலமிருந்து இடம் என்று தொலைநோக்கியால் உழுங்கள். எட்டு மடங்கு, பத்து மடங்கு பெருக்கும் சாதாரணத் தொலைநோக்கி போதும். அசைகிற கல்லைத் தேடுங்கள். மரக்காட்டு விளிம்பில் சிவப்பு மான், பாறையும் புல்லும் கலந்த இடத்தில் கெம்சே என்ற மலைமறிமான், அதற்கும் மேலே ஐபெக்ஸ் என்ற காட்டு ஆடு. காலையும் மாலையும் நல்ல நேரம். நண்பகலில் எல்லாம் படுத்து அசைபோடும்.

நானும் முதல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியவள்தான். மூன்றாம் முறை, செப்டெம்பர் இறுதியில், ஆல்ப் ட்ருப்சூனில் பிஸ்கட் பொட்டலத்தைச் சரசரத்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். பொட்டலத்தை மடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. மாடு கத்துவதும் பழைய லாரி குளிரில் கிளம்ப மறுத்து இருமுவதும் சேர்ந்ததுபோல ஒரு ஒலி, இந்தச் சரிவிலிருந்து. அதற்குப் பதில் அந்தச் சரிவிலிருந்து. முதியவர் விரலை நீட்டிய இடத்தில் தொலைநோக்கியை வைத்தேன்: ஆண்மான் ஒன்று, கழுத்து மயிர் சேறாகி, கொம்பில் பிடுங்கிய புல் தொங்க, தலையைப் பின்னால் சாய்த்துக் கத்திக்கொண்டிருந்தது. கத்தும்போது வாயிலிருந்து ஆவி புறப்பட்டு வெயிலில் கலைந்தது. ஒலி எங்களிடம் வந்து சேர்ந்தபோது வாய் மூடியிருந்தது. அன்று ஒரு மணித்தியாலத்தில் முப்பது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்தினேன்.

ஐபெக்ஸ் ஆடுகள் இத்தாலியிலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்டவை என்கிறார்களே, கட்டுக்கதையா?

கதை இல்லை, உண்மை. கிராவ்புண்டன் கொடியில் நிற்கும் அந்தக் கொம்பு ஆடு, 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் மண்ணில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் இரத்தம், கொம்பு, வயிற்றுக்கல் எல்லாமே மருந்து என்று நம்பி வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். ஆல்ப்ஸ் முழுவதிலும் தப்பியது இத்தாலியின் கிரான் பாரடீசோ மலையில் இருந்த கூட்டம் மட்டும். அதுவும் 1856இல் மன்னர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே தன் வேட்டைக்காக அந்த மலையை ஒதுக்கி, காவல் போட்டதால். வேட்டைக்காரர் ஒருவரின் சுயநலம் ஓர் இனத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

சுவிஸ்காரர்கள் விலைக்குக் கேட்டார்கள், அரசர் தரப்பு மறுத்தது. பிறகு கள்ள வேட்டைக்காரர்களை அமர்த்தி, 1906இல் குட்டிகளை எல்லை தாண்டிக் கடத்தி, சாங்க்ட் காலன் நகரின் வனவிலங்குக் காப்பகத்தில் வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்தவை 1911 முதல் மலைகளில் விடப்பட்டன, 1920இல் இந்தப் பூங்காவிலும். இன்று பாறையில் நின்று உங்களைச் சட்டை செய்யாமல் அசைபோடும் ஆட்டின் பாட்டன் கள்ளக்கடத்தலில் வந்தவன்.

நீலகிரி வரையாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் நடை பழகியதாக இருக்கும். இரண்டும் ஆட்டுக் குடும்பம்தான். கொம்புதான் வேறு: ஆண் ஐபெக்ஸின் கொம்பு முதுகைத் தொடுமளவு வளைந்து, முன்பக்கம் முடிச்சு முடிச்சாக இருக்கும்.

தாடிக் கழுகு குழந்தைகளைத் தூக்கிப் போகும் என்று ஊரில் ஒரு கிழவி சொன்னார். உண்மையா?

அந்தக் கிழவியின் பாட்டிகளும் அப்படித்தான் நம்பினார்கள். ஆட்டுக்குட்டியையும் குழந்தையையும் தூக்கும் என்று பழிபோட்டு, சுட்டும் நஞ்சு வைத்தும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ஸிலிருந்தே ஒழித்துவிட்டார்கள். பாவம், அது தின்பது செத்த மிருகத்தின் எலும்பை. பெரிய எலும்பாக இருந்தால் உயரத் தூக்கிப் போய்ப் பாறையில் போட்டு உடைத்து விழுங்கும். இறக்கை விரித்தால் முனைக்கு முனை இரண்டரை மீட்டருக்கும் மேல். நெஞ்சில் தெரியும் துருச் சிவப்பு பிறவி நிறம் இல்லை. இரும்புச் சத்துள்ள சேற்றில் புரண்டு தானே பூசிக்கொள்வது.

1986இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய மீள்விடுப்புத் திட்டம் 1991இல் இங்கே ஸ்டாபெல்ச்சோட் பள்ளத்தாக்குக்கு வந்தது. கூண்டில் பொரித்த குஞ்சுகளைப் பாறைப் பொந்துகளில் விட்டு வளர்த்தார்கள். 2007இல் சுவிஸில் முதன்முறையாகக் காட்டிலேயே குஞ்சு பொரித்தது. அதனால்தான் மார்குனெட் பாதையைக் கழுகுக்குச் சொன்னேன். வாலைப் பாருங்கள்: ஆப்பு வடிவில் கூம்பியிருந்தால் தாடிக் கழுகு, விசிறிபோல விரிந்திருந்தால் பொன்னிறக் கழுகு.

கரடி, ஓநாய் உண்டா? பிள்ளைகளோடு போகப் பயமாக இருக்கிறது.

சுவிஸின் கடைசிக் கரடியை 1904இல் சுட்டது இன்று பூங்காவுக்குள் இருக்கும் வால் மிஞ்ஜேர் பகுதியில்தான். பூங்கா பிறந்தது அதற்குப் பத்து ஆண்டு கழித்து. 2005இல் இத்தாலியப் பக்கத்திலிருந்து ஒரு கரடி ஓஃபன்பாஸ் பகுதிக்கு நடந்து வந்தபோது, அதைப் பார்க்கச் சாலையெங்கும் கூட்டம் கூடிவிட்டது. அவ்வப்போது ஒன்றிரண்டு வந்து போகும். ஓநாய்கள் அண்மை ஆண்டுகளில் திரும்பி வந்திருக்கின்றன.

பாதையில் பேசிக்கொண்டு போகும் குடும்பத்தின் முன்னால் இவை வந்து நிற்பது மிக அரிது. நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது பிற்பகல் இடிமழைக்கும் வழுக்கும் சரளைக்கும். கால் பிசகி நகர முடியாவிட்டால் மலை மீட்பு ஹெலிகொப்டர் சேவையான ரேகாவின் எண் 1414. சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் காயப்பட்டவரோடு இருக்க, மற்றவர் சாலைப்பக்கம் இறங்க வேண்டும். அதனால் தனியாகப் போகிறவர்கள் எந்தப் பாதை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே பார்த்தாலும் செத்து விழுந்த மரம். சுவிஸ்காரர்கள் சுத்தமானவர்கள் ஆயிற்றே, ஏன் அகற்றவில்லை?

வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மரம் வெட்டுவதில்லை, விழுந்ததை எடுப்பதில்லை, செத்த மானை அப்புறப்படுத்துவதில்லை. மேலே சொன்ன தாடிக் கழுகுக்கு எலும்பு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்?

இது ஆதிக்காடு என்று நினைத்துவிடாதீர்கள். இல் ஃபுஓர்ன் என்றால் உலை என்று பொருள். அங்கே இரும்பு உருக்கினார்கள். ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் உள்ள ஹால் ஊரில் உப்புக் காய்ச்ச, இங்குள்ள மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். மொட்டையான சரிவுகளில் பிறகு தானாக முளைத்ததுதான் இன்று காணும் மலைப்பைன் காடு. அது மூப்படைந்து சாய, இடைவெளியில் ஆர்வே என்ற பைன் மரம் தலைகாட்டுகிறது. அதை நடுவது ஒரு பறவை. வெள்ளைப் புள்ளிகள் தெறித்த பழுப்பு நிறம், காக்கைக் குடும்பம். ஜெர்மனில் டானென்ஹேஹர் என்பார்கள்; பூங்காவின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான விதைகளை மண்ணில் புதைத்து வைத்து, பனிக்குள்ளும் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடும். மறந்த விதை மரமாகிறது.

மானை வேட்டையாடவே மாட்டார்களா?

பூங்காவுக்குள் மாட்டார்கள். எல்லைக்கு வெளியே செப்டெம்பரில் கிராவ்புண்டனின் வேட்டைக்காலம். உள்ளே மான் கத்திக்கொண்டிருக்கும் அதே நாட்களில் கோட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். மான்களுக்கு அந்தக் கோடு நன்றாகவே தெரியும் என்று வேட்டைக்காரர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் தீனி தேடி அவை வெளியே இறங்கியே ஆக வேண்டும். ஆக, இது வேலி போட்ட மான்காப்பகம் இல்லை. கோடை வீடு என்று சொல்லலாம்.

பூங்கா ஓரத்தில் பெரிய அணைக்கட்டைப் பார்த்தோம். இயற்கைக் காப்பிடத்தில் அணையா?

நல்ல கேள்வி. ஷ்ப்யோல் ஆற்றுக்குக் குறுக்கே, இத்தாலி எல்லையில், 1960களில் கட்டியது. பெரும் எதிர்ப்பு எழுந்து, 1958இல் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் மின்சாரத்தின் பக்கம் நின்றார்கள். ஆறு மெலிந்து, கரைகளில் பாசியும் வண்டலும் மண்டின. 2000ஆம் ஆண்டு முதல் அணையிலிருந்து அவ்வப்போது தண்ணீரைத் திறந்து செயற்கை வெள்ளம் விடுகிறார்கள். கழுவுண்ட கூழாங்கற்களில் மீன்கள் மீண்டும் முட்டையிட்டன. மனிதர் கையே படக்கூடாத இடத்தில் குழாய் திறந்து வெள்ளம் விட வேண்டியிருக்கிறது. இதைப் பூங்காக்காரர்கள் மறைப்பதில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தப் பூங்காவுக்கும் இலங்கைக்கும் ஏதோ தொடர்பு என்று சொன்னீர்களே?

பூங்காவை உருவாக்க முன்னின்றவர்களில் ஒருவர் பாசல் நகரத்து விலங்கியலாளர் பவுல் சரசின். அவரும் உறவினர் ஃபிரிட்ஸ் சரசினும் 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி ஆய்வு செய்தவர்கள். அங்குள்ள பழங்குடியினரான வேடர்களைப் பற்றியும் விரிவாக எழுதியவர்கள். மனிதர்களை அளந்து வகைப்படுத்திய அந்தக் காலத்து ஆய்வுமுறையை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது, அது வேறு கதை. ஊர் திரும்பிய பவுல், 1906இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தலைவரானார். நிலத்துக்கு வாடகை கொடுக்கப் பணம் வேண்டுமே என்று 1909இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா ஒரு ஃபிராங். ப்ரோ நாத்தூரா என்ற இன்றைய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதுதான். அந்த ஆண்டே செர்னெட்ஸ் ஊர், வால் க்ளுஓட்ஸாவைக் குத்தகைக்குக் கொடுத்தது.

சுவிஸ் முழுவதற்கும் ஏன் ஒரே ஒரு தேசியப் பூங்கா?

நிலம் ஊர்களுடையது என்பதால். மேலே சொன்ன குத்தகை முறை இன்றும் தொடர்கிறது. மத்திய அரசு ஊர்களுக்குப் பணம் கொடுக்கிறது. ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்காமல் புதிதாக ஒன்று வராது. அதுலா என்ற இடத்தில் 2016இலும், லொகார்னோ பகுதியில் 2018இலும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நாம் ஒரு நாள் போய்ப் படம் எடுத்து வரும் இடம், அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் புல்லறுத்த, மாடு மேய்த்த, வேட்டையாடிய நிலம். கோபித்துக்கொள்ள முடியவில்லை.

எல்லாப் பாதையும் நடந்தாயிற்று. மாகுன் ஏரிகளுக்குப் போகலாமா?

எல்லாப் பாதையும் என்றால், முர்டெர் கணவாயும் முந்த் லா ஷேராவும் ஏறியிருக்கிறீர்களா? ஏறியிருந்தால் போகலாம். 2000ஆம் ஆண்டில் பூங்காவோடு சேர்த்த பகுதி அது. 2600 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைக் கிண்ணம், அதற்குள் இருபத்துமூன்று ஏரிகள். லாவினுக்கும் செர்னெட்ஸுக்கும் இடையே எட்டு மணித்தியால நடை. வழியில் 2900 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். நடுவில் குடிலும் இல்லை, குறுக்குவழியும் இல்லை.

ஜூலை நடுப்பகுதிக்கு முன் வேண்டாம்; பனி கிடக்கும். வானிலை அறிவிப்பில் பிற்பகல் இடி என்று ஒரு சொல் இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். போனால் முதல் ரயிலில் போங்கள். நடு ஏரிக்கரையில் உட்காரும்போது, எதிரே இருக்கும் பாறைச்சரிவை மறக்காமல் இடமிருந்து வலமாக ஒருமுறை உழுதுவிடுங்கள்.